கையை நீட்டச் சொன்னவர்

(நோயாளர் திருப்பலி மறையுரை. நற்செய்தி வாசகம்: மாற்கு 3:1-6)



போன ஞாயிறு இரண்டாம் பூசையில், பெண்கள் பக்கம் தூணோரமாக ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தபடியே இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார். கொஞ்ச நேரத்தில் கை மறுபடியும் தலைக்குப் போய்விட்டது. பூசை முடிந்ததும் வாசலில் வைத்து இரண்டு பேர் அவர்களைச் சத்தம் போட்டார்கள். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்கிற கடற்கரை ஊர் நம் ஊர். கன்னத்துக்கே அப்படியென்றால், தலையில் கை வைத்தால் சும்மா விடுவார்களா? அதுவும் கோயிலுக்குள்ளே.

அந்த அம்மா பதில் ஒன்றும் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நம் பங்குக்கு நான் வருவதற்கு முன்பு, மூன்று மாதம் நானும் அறை வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கழுத்திலிருந்து புறப்படுகிற நரம்பு அழுந்திக் கைக்கு வலி இறங்கும்போது, அந்தக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் பலருக்கு வலி குறையும். நரம்பின் இழுவை தளர்கிறது, அவ்வளவுதான். மருத்துவர்களே இதை ஓர் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். நோயாளி தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே வந்தால், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். நமக்கோ அது சகுனக்கேடாகத் தெரிகிறது.

எனக்கு வந்தது எப்படி என்று சொல்கிறேன். ஒருநாள் காலைப் பூசையில் திருக்கிண்ணத்தை உயர்த்துகிறேன். தோள்பட்டையின் பின்பக்கத்திலிருந்து சுள்ளென்று ஒன்று இறங்கி நடுவிரல் நுனிவரை போனது. கரண்டுக் கம்பியைத் தொட்ட மாதிரி. கிண்ணம் கைநழுவிவிடுமோ என்று நடுங்கிவிட்டேன். அன்று முதல் விரல் மதமதவென்று இருக்கும். ராத்திரி படுக்க முடியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. தோளில் வலி என்பதால் தோளில்தான் கோளாறு என்று நினைத்துத் தோளுக்கே தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு கழுத்தில் இருந்தது. நம் கழுத்தில் 7 எலும்புகள். அவற்றின் இடுக்குகளிலிருந்து 8 இணை நரம்புகள் புறப்படுகின்றன. கீழே இருக்கிற நான்கும், அதற்கடுத்து முதுகின் முதல் நரம்பும் தோளுக்கருகே வலைக்கண்ணி போலப் பின்னிக்கொண்டு கைக்குள் இறங்குகின்றன. எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கினாலோ, வயதாகி எலும்பு ஓரம் முள் மாதிரி வளர்ந்தாலோ, நரம்பு அழுந்தும். ஆறாவது நரம்பு என்றால் பெருவிரல் பக்கம் மரத்துப்போகும். எட்டாவது என்றால் சுண்டுவிரல். எனக்கு நடுவிரல், ஆகவே ஏழாவது. அதிகம் பேருக்குப் பாதிக்கப்படுவது அந்த ஏழாவதுதானாம். நாம் ‘தேய்மானம்’, ‘ஜவ்வு விலகல்’ என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். வலி எங்கோ, வேர் எங்கோ. பாவசங்கீர்த்தனத்துக்கு உட்காருகிற ஒரு குருவுக்கு இது புதிய பாடம் இல்லை என்றாலும், சொந்தக் கையில் வந்தபோது எனக்கும் உறைக்கவில்லை.

இன்றைய நற்செய்திக்கு வருவோம். நோயாளர் திருப்பலி என்பதால் இந்த வாசகத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவர் இருக்கிறார். வலக்கை என்கிறார் லூக்கா. லூக்கா மருத்துவர் அல்லவா, எந்தக் கை என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் ஒரு கொத்தனார் என்றும், கைவேலை செய்து பிழைத்தவர் என்றும், தம் காலத்தில் சிலர் படித்துவந்த ஒரு பழைய நற்செய்தி நூலில் இருந்ததாகப் புனித ஜெரோம் தம் மத்தேயு விளக்கவுரையில் எழுதிவைத்திருக்கிறார். அது நம் திருவிவிலியத்தில் இல்லை. இருந்தாலும் கேட்டதும் நம்பத் தோன்றுகிறது. கொத்தனாருக்கு வலக்கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கவலை இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேருக்குத் தெரியும்.

இயேசு அவரை நடுவில் வரச்சொல்கிறார். சுற்றி இருப்பவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். அவர்கள் வாய் திறக்கவில்லை. அவருக்குக் கோபமும் வருத்தமும் வருகிறது. பிறகு அந்த மனிதரிடம் கையை நீட்டச் சொல்கிறார். நீட்டுகிறார், கை நலமடைகிறது.

இந்த இடத்தை வைத்து என்னிடமே ஒருவர் உபதேசம் செய்தார். “சாமி, ஆண்டவரே நீட்டுன்னு சொல்லியிருக்கார், வலிக்கு பயந்து மடக்கிவச்சா அப்படியே நின்னுபோகும், நல்லா இழுத்து நீட்டுங்க” என்றார். நானும் நீட்டினேன். நீட்டினேன் என்பதைவிட, இழுத்தார்கள் என்பதுதான் உண்மை. ஒருவர் எண்ணெய் போட்டு உருவினார். இன்னொருவர் கையைப் பின்னால் வளைத்து முறுக்கினார். முடிவெட்டப் போன இடத்தில் ஒரு தம்பி, கேட்காமலே, நாடியையும் பிடரியையும் பிடித்துக் கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்தார். அன்று ராத்திரி நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும்.

பிற்பாடு இந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண் முன்னால் இருந்த ஒன்றை இத்தனை வருஷமாக நான் பார்க்கவில்லை. இயேசு அந்தக் கையைத் தொடவே இல்லை! தொழுநோயாளரைத் தொட்டவர், பேதுருவின் மாமியாரைக் கைப்பிடித்துத் தூக்கியவர், இறந்துபோன சிறுமியின் கையைப் பிடித்தவர், இந்த மனிதரின் கையை மட்டும் தொடவில்லை. பிடித்து இழுக்கவில்லை. கையின் சொந்தக்காரரிடம் சொல்கிறார், அவர் தாமாக நீட்டுகிறார். தம்முடைய கையைத் தம்முடைய அளவுக்குத் தாமே அசைக்கிறார்.

பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை இது. ஆனால் நரம்பு வலியிலிருந்து மீண்டுவருகிற ஒருவர் எந்த உடற்பயிற்சியைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேட்டால், என்னிடம் இருக்கிற முதல் பதில் இங்கிருந்துதான் வருகிறது. நீங்களாக மெதுவாக அசைக்கிற அசைவு வேறு, இன்னொருவர் பிடித்து முறிக்கிற அசைவு வேறு. தசையை இழுத்துவிட்டால் சுகமாக இருக்கும், உண்மைதான். நரம்பு தசை இல்லை. வீங்கிப்போய்க் கிடக்கிற நரம்பை இழுத்தால் அது இன்னும் கோபப்படும். சொடக்கு எடுப்பதில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முடிவெட்டுகிற தம்பிமார்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அன்போடுதான் செய்கிறீர்கள். முடியை மட்டும் வெட்டுங்கள்.

கடைசியில் ஒரு பிசியோதெரபி சகோதரியிடம் போனேன். சின்ன வயது. முதல் நாள் ஒரு பயிற்சியும் தரவில்லை, கேள்விகள்தான். வலி இப்போது எந்த இடத்தில் நிற்கிறது? நேற்றைக்கு எங்கே நின்றது? ஏதாவது செய்தால் அது எவ்வளவு நேரம் கழித்து அடங்குகிறது? ராத்திரி எத்தனை தடவை எழுப்புகிறது? பிறகு ஓர் அசைவைச் செய்யச் சொல்லிவிட்டு, “இப்ப எங்க இருக்கு?” என்று கேட்பார். மறுபடி ஓர் அசைவு, மறுபடி அதே கேள்வி.

எனக்குப் பெத்சாய்தா நினைவுக்கு வந்தது. மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரம். பார்வையற்ற ஒருவரை இயேசு ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கண்ணில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடப்பது மாதிரி இருக்கிறது என்கிறார் அவர். இயேசு மறுபடியும் கைவைக்கிறார். அப்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. நான்கு நற்செய்திகளிலும் இரண்டு கட்டமாக நடந்த குணமாக்கல் இது ஒன்றுதான். ஒரே வார்த்தையில் புயலை அடக்கியவருக்கு ஒரே தடவையில் ஒரு கண்ணைத் திறக்க முடியாதா? முடியும். இருந்தும் நின்று, கேட்டு, பதிலைக் காதுகொடுத்து வாங்கி, மறுபடி தொடுகிறார். பாதி குணத்தில் இருக்கிற மனிதரை அவர் அவசரப்படுத்தவில்லை.

பாதி குணத்தில் இருப்பவர்கள்தான் இங்கே அதிகம். வலி பாதி குறைந்ததும் சுகமாகிவிட்டது என்று வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

அந்தச் சகோதரி சொல்லித்தந்த ஓர் அடையாளத்தை உங்களுக்குத் தருகிறேன், பணம் கொடுத்து நான் கற்றுக்கொண்டது. பயிற்சி செய்யும்போது வலி விரலிலிருந்து முழங்கைக்கு ஏறி, முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறி, கழுத்தோரம் வந்து நின்றால், கழுத்தில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும்கூட அது நல்ல பயிற்சி. கழுத்தில் இருந்த வலி தோளுக்கு, தோளிலிருந்து விரலுக்கு என்று கீழே இறங்கினால், எத்தனை பெரிய ஆள் சொல்லிக்கொடுத்த பயிற்சியாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். அலை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கரையில் நின்று பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். இதையும் பார்த்துக்கொள்வீர்கள்.

முதலில் எனக்குக் கிடைத்த பயிற்சி நடை. வெறும் நடை! எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. சீரியாவின் படைத்தலைவர் நாமான், ஆற்றில் ஏழு முறை முழுகு என்று எலிசா சொன்னதும் கோபித்துக்கொண்டு திரும்பினாரே, அந்த மாதிரி. கையைத் தளர்வாக வீசிக்கொண்டு, தலையைக் குனியாமல், காலை இருபது நிமிஷம் கடற்கரைச் சாலையில் நடந்தேன். அதிலேயே ரத்த ஓட்டம் கூடும், மனசும் கொஞ்சம் இறங்கும். அடுத்த வாரம், சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, நாடியை மேலேயும் கீழேயும் ஆட்டாமல் நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடுவது. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மெல்ல நெருக்கி விடுவது. பத்துத் தடவை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. பார்க்கிறவர்களுக்கு இவர் பயிற்சி செய்கிறாரா, யோசனையில் இருக்கிறாரா என்றே தெரியாது. செபமாலை சொல்கிறபோதுகூடச் செய்யலாம், செய்தேன். எடை என்று எதையும் கையில் எடுத்தது ஏழாவது வாரத்தில். அதுவும் அரை லிட்டர் தண்ணீர் போத்தல், இடுப்பளவுக்கு மேலே தூக்காமல்.

இளைஞர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஜிம்முக்குப் போகிறீர்கள், நல்லது, போங்கள். ஆனால் கை மரத்துப்போகிற காலத்தில் தலைக்கு மேலே எடை தூக்குவதும், கம்பியில் தொங்குவதும், வெடுக்கென்று இழுக்கிற பயிற்சிகளும் வேண்டாம். யோகா செய்கிறவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அவற்றில் உடம்பின் எடை கழுத்திலும் பிடரியிலும் இறங்குகிறது. தலையை வட்டமாகச் சுழற்றுகிற பயிற்சியைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்திருப்போம், அதுவும் இப்போது கூடாது. அண்ணாந்து பார்த்துத் தலையை வலிக்கிற பக்கம் சாய்க்கும்போது நரம்பு வெளியே வருகிற துளை இன்னும் குறுகுகிறது. ஒருவருக்கு எழுதித் தந்த பயிற்சித் தாளைப் போனில் படம் பிடித்து அன்பியக் குழுவில் போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போகிற நோய் ஒன்று அதிகம் வருகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வலி மாதிரி இருக்கும். அதற்கான பயிற்சி வேறு, இதற்கானது வேறு.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். அழுந்தி வீங்கிய நரம்பு, பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே சில வாரங்களில், இல்லை மூன்று மாதத்துக்குள் அமைதியாகிவிடுகிறது. உள்ளே இழையே அறுந்துபோயிருந்தால் அது திரும்ப வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம். கடவுள் நரம்புக்கு வைத்த வேகம் அது. உண்டியலில் எவ்வளவு போட்டாலும் இரண்டு மில்லிமீட்டர் ஆகாது.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கரையேறிய விசைப்படகுகள் ஜூன் 14 வரை, 61 நாள், கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று கடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் இன்று அந்த ஓய்வின் பலனை அறிந்திருக்கிறீர்கள். இந்த நாட்களில் படகு சும்மா கிடப்பதில்லை. பலகை மாற்றுகிறீர்கள், வர்ணம் அடிக்கிறீர்கள், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். உடம்புக்கு வருகிற ஓய்வும் அப்படித்தான் என்று சொல்லி இந்த மறையுரையை அழகாக முடித்துவிடலாம் என்றுதான் நேற்று ராத்திரி எழுதிவைத்திருந்தேன்.

காலையில் கடற்கரைப் பக்கம் நடந்தபோது அந்த அழகு போய்விட்டது. தடைக்காலம் என்று பேர், விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிறவரை மணலில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் வலை பொத்திக்கொண்டிருந்தீர்கள். கடலுக்கு ஓய்வு, உங்கள் கழுத்துக்கு ஓய்வு இல்லை. நம் தலை ஐந்து கிலோ அளவுக்கு எடை உள்ளது. குனியக் குனியக் கழுத்து அதைத் தாங்குகிற பாரம் கூடிக்கொண்டே போகும். முதல் சீடர்களில் யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அழைத்தபோது அவர்கள் படகில் வலையைச் சீர்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்கிறார் மாற்கு. அவர் கூப்பிட்டதும் அவர்கள் நிமிர்ந்திருப்பார்கள் என்று இன்று காலை எனக்குத் தோன்றியது. அரைமணிக்கு ஒரு தடவையாவது நீங்களும் நிமிருங்கள். வலையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து பொத்த முடியுமென்றால் இன்னும் நல்லது. சீர்படுத்துவது என்று மாற்கு அங்கே போட்ட கிரேக்கச் சொல்லையே, பிசகிய மூட்டைச் சரிசெய்வதற்கும் அக்கால மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். வலையும் மூட்டும் அவர்களுக்கு ஒரே வினைச்சொல்.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினை உயிர்ப்பிக்கக் கயிற்றை வெட்டி இழுக்கிறீர்களே, அந்த ஒரு இழுப்பு ஒரு மாதப் பயிற்சியைக் கெடுத்துவிடும். வலி இருக்கிற காலத்தில் அதை மகனோ பங்காளியோ செய்யட்டும். நீங்கள் சுக்கான் பிடித்தால் மரியாதை குறைந்துவிடாது.

குறைந்துவிடும் என்றுதான் நினைக்கிறோம், அதுதான் சிக்கல். வலியைப் பொறுத்துக்கொண்டு பாரம் தூக்குகிறவன் ஆம்பளை, வலிக்குது என்று சொல்லி உட்காருகிறவன் சோம்பேறி. பக்தி உள்ளவர்கள் இதற்கு ஒரு ஆன்மீகப் பூச்சும் பூசுவோம். வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்போம். ஒப்புக்கொடுங்கள், நல்லதுதான். வந்த வலியைத்தான் ஒப்புக்கொடுக்க வேண்டும். சொன்னதைக் கேட்காமல் நாமே வரவழைத்த வலியைக் காணிக்கைத் தட்டில் வைத்தால் அது காணிக்கை ஆகுமா? பவுல் தமக்கிருந்த முள்ளைப் பொறுத்துக்கொண்டார், ஆனால் அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை மன்றாடிய பிறகு. அதே பவுல் திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சை மது சாப்பிடச் சொல்லி எழுதுகிறார். (அந்த ஒரு வசனத்தை மட்டும் நம் ஊர் ஆண்கள் மறப்பதே இல்லை.) அற்புதங்கள் செய்தவர்தான், சீடனுக்குக் கைமருந்து சொல்லவும் வெட்கப்படவில்லை. மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் ஆண்டவர்தான் படைத்தார் என்று சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தில் நீளமாகவே இருக்கிறது. வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள்.

இந்தக் கடற்கரையில் விசுவாசத்தை வேரூன்றச் செய்த புனித சவேரியாருக்கும் கை வலித்தது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 ஜனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்துக் கைகள் ஓய்ந்துபோகின்றன என்றும், மந்திரங்களை நம் மொழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரலே போய்விடுகிறது என்றும் குறிப்பிடுகிறார். நம் பாட்டன் பூட்டன் தலையில் தண்ணீர் ஊற்றிய கை அது. அந்த வலது முன்கை 1614 முதல் உரோமையில் இயேசு சபையாரின் கோயிலில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அதைப் பார்த்து வணங்குகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கை ஓய்ந்துவிட்டது என்று அவர் ஒளிக்காமல் எழுதினாரே, அது. கூடவே, இன்னும் ஆட்களை அனுப்பச் சொல்லியும் கேட்டார்.

நம் பெண்களுக்கு அப்படிக் கேட்க வாய் வருவதில்லை. தூணோரம் இருந்த அம்மாவிடம் பிற்பாடு பேசினேன். டாக்டர் பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி ஒரு மாதம் ஆகிறதாம். தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்றேன். அவர்கள்தான். மீன் கூடை? அவர்கள்தான், தலையில்தான். பயிற்சி செய்கிறீர்களா என்றேன். “செய்யிறேன் சாமி, காலையில பத்து நிமிசம்” என்றார்கள். பத்து நிமிஷம் பயிற்சி, பத்து மணிநேரம் பாரம். எந்தப் பிசியோதெரபி இதைச் சரிசெய்யும்? விடுதலைப் பயணம் 17-ஆம் அதிகாரத்தில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது, இன்னும் கொஞ்சம் தம் பிடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. உட்காருவதற்குக் கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆரோனும் கூரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பொழுது சாயும்வரை கைகளைத் தாங்கினார்கள். ஒருவருடைய ஒரு கையே ஏறக்குறைய மூன்று கிலோ இருக்கும். அந்த மூன்று கிலோ நாள் முழுக்கத் தோளிலிருந்து தொங்கி நரம்பை இழுக்காமல் இருக்கத்தான், உட்காரும்போது கைக்கடியில் தலையணை வைக்கச் சொல்கிறார்கள். தலையணையை அந்த அம்மாவே வைத்துக்கொள்வார்கள். குடத்தை யார் எடுப்பது? அவர்களுக்கு மூன்று மகன்கள், மூன்று பேருக்கும் தோள் நன்றாக இருக்கிறது. அவர்களுடைய அன்பியத்திடம் இந்த வாரம் நானே பேசப்போகிறேன்.

வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போகிறவர்கள் போகலாம், நடை நல்லது என்று சொன்னேன். ஒற்றைத் தோளில் பையை மாட்டிக்கொண்டு போகாதீர்கள், பையை வண்டியில் போடுங்கள். சப்பரம் தூக்குவதற்கு இந்த வருஷம் பெயர் கொடுக்கிறபோது கை மரத்துப்போகிறவர்கள் கொடுக்க வேண்டாம். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னும் ஒன்று, இதில் விளையாட்டு இல்லை. கையில் பலம் நாளுக்கு நாள் குறைந்து டம்ளர் நழுவினால், நடக்கும்போது கால் தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்பாடு தவறினால், பயிற்சியெல்லாம் பிறகு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அதை நரம்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். அறை வீட்டுக்கு அதற்குப் பிறகு சொன்னால் போதும், ராத்திரி எத்தனை மணியானாலும் வருவேன்.

இப்போது நோயில்பூசுதல் நடக்கும். மூத்தவர்களும் கடுமையான நோயில் இருப்பவர்களும் முன்வரிசைகளில் இருக்கிறீர்கள். மற்றவர்களுக்குக் கைவைத்துச் செபித்து ஆசி தருவேன். யாரும் எழுந்து வரிசையில் நிற்க வேண்டாம், நான் உங்கள் இடத்துக்கு வருகிறேன். எண்ணெய் பூசுவதற்கு நெற்றியையும் உள்ளங்கைகளையும்தான் காட்ட வேண்டும். போன வருஷம் சிலர் கையை எட்டி மேலே நீட்டியதைப் பார்த்தேன், வலியில் முகம் சுருங்கியது. இன்று கைகளை மடியிலேயே விரித்து வைத்திருங்கள். தலையில் கை வைத்திருக்கிறவர்கள் அப்படியே வைத்திருக்கலாம், பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துவிட வேண்டாம். நான் குனிந்துகொள்கிறேன்.